இந்த கிளாம்ப் விற்பவர்களுக்கு மனசாட்சியே கிடையாதா?

படகில் நன்னீர் பம்ப் பொருத்துவதற்குள் உயிர் போய்விடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் இருக்கிறதே, நிதானமாக முடித்துவிடலாம் என்றுதான் கடலூர் முதுநகரில் ஒவ்வோர் ஆண்டும் வேலையைத் தொடங்குகிறோம். முடிகிறதா?

முதல் எதிரி குழாய் கிளாம்ப், அதாவது குழாயைச் சுற்றித் திருகால் இறுக்கும் பட்டை. "முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் அண்ணே" என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். பட்டை மட்டும்தான் அது. திருகு வெறும் இரும்பு. காந்தத்தை வைத்தால் கப்பென்று ஒட்டுகிறது. காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உப்புக்காற்று வீசும் ஊரில் கடை வைத்துக்கொண்டு, துருப்பிடித்து நொறுங்கும் திருகை விற்க எப்படி மனம் வருகிறது?

கிளாம்ப் தளர்ந்தால் சும்மா ஒழுகுவதோடு நிற்கிறதா? உறிஞ்சும் பக்கம் என்றால் பம்ப் காற்றைக் குடித்துக் கத்துகிறது. வெளியேற்றும் பக்கம் என்றால் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும்; பிரஷர் சுவிட்ச் பம்பைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். இரவெல்லாம் டர்ர், டர்ர்! வலை இழுத்துக் களைத்தவர்கள் எப்படித் தூங்குவார்கள்? விடிந்தால் பேட்டரியும் காலி, தொட்டியும் காலி.

வயர் இன்னொரு கொடுமை. வீட்டு விளக்குக்கு இழுக்கும் மெல்லிய வயரை 12 வோல்ட் பம்புக்குக் கட்டிவிட்டுப் போகிறார்கள். வழியிலேயே 2 வோல்ட் தொலைந்தால் ஆறில் ஒரு பங்கு போயிற்றே! பம்ப் முனகாமல் என்ன செய்யும்? கேட்டால் பம்ப்தான் சரியில்லையாம், புதிது வாங்க வேண்டுமாம்.

கடலுக்குள் குடிக்கவும் உலை வைக்கவும் இருக்கும் ஒரே தண்ணீர் இது. இதில்கூடவா ஏமாற்ற வேண்டும்?