ஹெல்மெட் சட்டத்தால் குறைந்த பைக் திருட்டு

மேற்கு ஜெர்மனியில் 1980இல் ஹெல்மெட் போடாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அந்த இடத்திலேயே அபராதம் என்று கொண்டுவந்தார்கள். விபத்தில் தலை உடையக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் கூடவே மோட்டார் சைக்கிள் திருட்டும் மளமளவென்று இறங்கியது. 1980இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது, 1986இல் 54 ஆயிரம் சொச்சத்துக்கு வந்துவிட்டது. திருடுகிறவன் எந்நேரமும் கையில் ஹெல்மெட்டோடு அலைவதில்லை, இல்லையா? கண்ணில் பட்ட வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனால் வெறுந்தலையே காட்டிக்கொடுத்துவிடும். சரி, பைக் இல்லாவிட்டால் கார், சைக்கிள் என்று மாறியிருப்பார்கள் என்று தோன்றும். ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையும் பார்த்தார்கள். பைக்கில் குறைந்த அளவுக்கு அங்கே கூடவில்லை.

திருடர்களைத் திருத்தவோ மிரட்டவோ அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஒரு கொடூரமான குற்றச் செய்தி வந்தால் என் டைம்லைன் முழுக்க ஒரே குரல்தான். தூக்கில் போடு, நடுரோட்டில் வைத்துச் சுடு. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குத் தீனியாக அரசாங்கங்கள் ஓர் அறிவிப்பை வெளியிட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. ஏழு வருடச் சிறைத் தண்டனை பதினான்கு வருடம் ஆகிறது. நாம் கைதட்டுகிறோம். அடுத்த குற்றம் எங்கே, எந்த நேரத்தில் நடக்கப் போகிறது என்பது பற்றி ஒரு கேள்விகூட எழுவதில்லை.

தண்டனையின் கொடூரத்தைவிடத் தப்பிக்கவே முடியாது என்ற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கும் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே எழுதிவிட்டார். பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மாட்டவே மாட்டோம் என்று நினைப்பவனுக்கு ஏழும் ஒன்றுதான், பதினான்கும் ஒன்றுதான். தண்டனை ரொம்பக் கடுமையாகிவிட்டால் இன்னொரு சிக்கலும் வரும். குற்றம் செய்தவர் சொந்தக்காரராக இருந்தால் புகார் கொடுக்கவே வீட்டில் விடமாட்டார்கள்.

சிறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஆட்களைக் காயப்படுத்துகிறவரை உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருவார்கள். அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005இல் விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மூன்று வருடத்துக்குள் 68 சதவீதம் பேர் மறுபடி கைதாகியிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் 83 சதவீதம். உள்ளே இருந்த காலத்தில் அவர்களுக்கு என்னதான் நடந்தது என்று கேட்பது குற்றவாளிக்குப் பரிந்து பேசுவது ஆகாது. அடுத்து அடிவாங்கப் போகிறவருக்காகக் கேட்கிற கேள்வி அது.

அப்புறம் ரோந்து. போலீஸ் வண்டி தெருத்தெருவாகச் சுற்றினால் குற்றம் குறையும் என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972-73இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒரு பிரிவில் ரோந்தை நிறுத்திவிட்டு யாராவது கூப்பிட்டால் மட்டும் போனார்கள், இன்னொன்றில் வழக்கம்போல, மூன்றாவதில் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக. குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. ரோந்து கூடியதையோ குறைந்ததையோ மக்கள் பெரிதாகக் கவனிக்கக்கூட இல்லை!

அப்படியானால் போலீஸ் வீணா? இல்லை, பரவலாகத் தெளிப்பதுதான் வீண். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, சுமார் மூன்று சதவீத முகவரிகளிலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. வேறு பல நகரங்களிலும் பின்னால் இதே மாதிரிதான் தெரிந்தது. நாம் "மோசமான ஏரியா" என்று ஒரு பகுதியையே ஒதுக்கிவைக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலான தெருக்கள் அமைதியாக இருக்கும். இரண்டு மூன்று முனைகள், ஒரு குறிப்பிட்ட நேரம், அவ்வளவுதான் சிக்கல். அந்த இடங்களில் கவனத்தைக் குவித்தால் குற்றம் குறைகிறது, பக்கத்துத் தெருவுக்கு அப்படியே இடம் மாறிவிடுவதும் இல்லை என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இடத்தில் கவனம் வைக்கிறேன் பேர்வழி என்று அங்கே வாழ்கிற எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் கதை கெட்டது. நியூயார்க்கில் 2011இல் மட்டும் சுமார் 6 லட்சத்து 85 ஆயிரம் முறை ஆட்களை நிறுத்தி விசாரித்தார்கள். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் மேல் கைதோ அபராதமோ எதுவும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அதை நடத்திய விதம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2013இல் நீதிமன்றம் சொன்னது. பிறகு அந்த எண்ணிக்கை பல மடங்கு சரிந்தது. பயமுறுத்தியதுபோலக் குற்றம் ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் அத்தனை வருடம் அவமானப்பட்ட ஒருவர், நாளைக்கு ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தால் சாட்சி சொல்ல வருவாரா?

எனக்கு மிகவும் பிடித்த முயற்சி பிரிட்டனில், வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் நடந்தது. அங்கே ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற தாடை அறுவை சிகிச்சை நிபுணர், அடிதடியில் முகம் கிழிந்து வருகிறவர்களுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. தன்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை. பயம், அலுப்பு, பழிவாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம், ஏதோ ஒன்றால் புகார் போவதில்லை. அதனால் மருத்துவமனை வரவேற்பில் இருப்பவர்கள் காயத்தோடு வருகிறவரிடம் சில கேள்விகள் கேட்க ஏற்பாடு செய்தார். எங்கே நடந்தது, எந்த நேரம், எதனால் அடித்தார்கள். பெயர் விவரங்களை நீக்கிவிட்டு அந்தத் தகவல் போலீசுக்கும் நகராட்சிக்கும் போனது. எந்த மதுக்கூடம், எந்தத் தெரு, எந்தக் கிழமை ராத்திரி என்று துல்லியமாகத் தெரிந்ததும் செய்த வேலைகள் எல்லாம் சின்னச் சின்னவை. ரோந்து நேரத்தை மாற்றினார்கள், பிரச்சினைக்குரிய மதுக்கூடங்களைக் கண்டித்தார்கள், உடைத்துக் குத்த முடியாத தம்ளர்களைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

2011இல் வந்த ஆய்வின்படி, அதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால், வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்கிறவர்கள் 42 சதவீதம் குறைவு. இன்னொரு வேடிக்கை, காயம் இல்லாத சிறு அடிதடிகள் போலீஸ் பதிவில் கூடியிருந்தன. முன்னாலேயே போய்த் தடுக்க ஆரம்பித்ததால் அவை கணக்கில் ஏறியிருக்கலாம் என்கிறார்கள். போலீஸ் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர், குற்றம் பெருகிவிட்டது என்று டிவியில் கத்தியிருப்பார். இவ்வளவு மலிவான ஒரு யோசனை ஏன் எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

தெருவிளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் 2016இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விளக்குகள் வைத்தார்கள். ராத்திரியில் வெளியிடங்களில் நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. கேமராவுக்கும் பலன் உண்டு, முக்கியமாக வண்டி நிறுத்துமிடங்களில். ஆனால் நாம் அதன் மேல் வைத்திருக்கிற பக்தி கொஞ்சம் அதிகம்.

ஆட்களை மாற்றவே முடியாதா? முடியும், மிரட்டி அல்ல. சிகாகோவில் பையன்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒருவன் கையில் பந்து, இன்னொருவன் அதை 30 நொடியில் வாங்க வேண்டும். உடனே இழுபறி, மல்லுக்கட்டு. முடிந்ததும் நடத்துகிறவர் கேட்பார்: "பந்தைக் கொடு என்று ஏன் நீ கேட்கவே இல்லை?" ஆத்திரம் வரும் நேரத்தில் ஒரு கணம் நிற்கப் பழக்குவதுதான் இதன் சாரம். பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. பயிற்சி நின்றதும் அந்தப் பலனும் தேய்ந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு நேர்மாறானது, 1970களில் நியூஜெர்சியில் தொடங்கிய பாணி. சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளைவிட்டு மிரட்டச் செய்வது. பார்க்க அருமையாக இருந்தது, அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருதே வாங்கியது. முறையாகச் சோதித்தபோது, ஒன்றும் செய்யாமல் விட்ட சிறுவர்களைவிட, போய்வந்த சிறுவர்கள்தான் அதிகம் குற்றம் செய்தார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி தெருவில் நடக்கும் குற்றம். வீட்டுக்குள் விளக்குக் கம்பமும் ரோந்தும் வராது. ஐநாவின் மதிப்பீட்டின்படி 2023இல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85 ஆயிரம் பேர். அதில் 51 ஆயிரம் பேரைக் கொன்றது கணவன், துணைவன் அல்லது குடும்பத்து ஆள். இப்படிப்பட்ட சாவுகளில் பல, ஒரே நாளில் திடீரென்று நடப்பவை அல்ல. முன்னாலேயே காயத்தோடு ஒரு டாக்டரிடம் போயிருப்பார், ஒரு காவல் நிலையத்தில் "சமாதானமாகப் போ" என்று அனுப்பியிருப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல், குடும்ப வன்முறையில் ஒருவர் இறந்தால் அவர் முன்பு எந்தெந்த அலுவலகத்தின் கதவைத் தட்டினார், அங்கே என்ன செய்தார்கள், எதைச் செய்யத் தவறினார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். தூக்குத் தண்டனை கேட்டு மனு எழுதுகிறவர்கள், அதில் இந்த ஒரு கோரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன், அந்த ஒரு வரிக்கு மட்டும்.