யாருடைய சுவர், யாருடைய பெயர்

தருமபுரியில் நான் நடத்திவரும் சிறிய விளம்பர நிறுவனத்தைப் பற்றி, சென்ற வாரம் ஒரு திருமண வீட்டுப் பந்தியில் நெருங்கிய உறவினர் ஒருவர் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு நேரம் வாய்க்கவில்லை. “வர்ற வேலையை எல்லாம் வேண்டாம்னு திருப்பி அனுப்பினா அப்புறம் கம்பெனி எதுக்கும்மா?” என்று கேட்டார். அக்கறையோடு கேட்டவர் என்பதால் அவருக்கும், இதே கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அவர் குறிப்பிட்டது, பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் நாங்கள் மறுத்த ஒரு வேலையை. பென்னாகரம், பாலக்கோடு வட்டாரக் கிராமங்களில் வீடுவீடாகக் கொடுப்பதற்குத் துண்டறிக்கை வேண்டும் என்று ஒரு பயிற்சி நிறுவனம் எங்களிடம் வந்தது. தலைப்பில் “நூறு சதவீத வேலைவாய்ப்பு உறுதி” என்று இருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் படித்து முடித்தவர்களில் யார் யாருக்கு எங்கே வேலை கிடைத்தது என்ற பட்டியலைக் கேட்டேன். இரண்டு முறை கேட்டும் வரவில்லை. பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த எண்ணிக்கையையே தலைப்பாக வைத்துத் தருகிறேன் என்று எழுதி அனுப்பிய பிறகு அவர்கள் பேசவே இல்லை. பதினைந்து நாள் கழித்து, அதே வாசகம் வேறோர் அச்சகத்தில் அச்சாகி, பாப்பாரப்பட்டி போகும் பேருந்தின் ஜன்னல் கம்பியில் செருகப்பட்டிருந்ததைப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி அதை எடுத்து மடித்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த ஒரு பெண் இருக்கக்கூடும்.

விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர். அதை நம்பிக் கையிலிருப்பதைக் கொடுப்பவர் இன்னொருவர். முதலாமவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்லிப் போகிறார். இரண்டாமவர் அங்கே வருவதே இல்லை. வராத அந்த மனிதருக்கும் நான் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவள் என்பதுதான் என் நிலைப்பாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 2022 ஜூனில் அதற்கான விரிவான வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன. நல்ல சட்டம். ஆனால் சுருக்குப்பையில் துண்டறிக்கையை மடித்து வைத்த அந்த அம்மாவுக்கு இப்படி ஓர் ஆணையம் இருப்பதை யார் போய்ச் சொல்வது? அவர் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால், அந்தத் தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே யாராவது ஒருவர் நிறுத்தியாக வேண்டும்.

என் அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். சேலம் சாலையிலும் திருப்பத்தூர் சாலையிலும் சிமெண்ட், உரம், வேட்டி, நல்லெண்ணெய் என்று அவர் எழுதாத சுவர் குறைவு. சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, நீலப்பொடி தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். நூலின் மறுமுனையைப் பிடிப்பது விடுமுறை நாட்களில் என் வேலை. எழுத்தின் மேல்கொம்பு எவ்வளவு வளைய வேண்டும், தூரத்தில் வரும் பேருந்திலிருந்து படிக்க எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் நான் பிற்பாடு கணினியில் கற்றவை அல்ல. அந்த நூல் முனையில் நின்று கற்றவை.

எங்கள் வீடு காலனியில் இருந்தது. அப்பா எழுதிய எழுத்துகள் ஊருக்குள் பெரிய வீடுகளின் சுவர்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தன; அந்த வீடுகளின் திண்ணையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கேட்டால் வாசலில் நிற்க வைத்துக் கையில் ஊற்றுவார்கள். தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் சுவர் பிடிக்கும்போது, ஊர் வீடுகளில் உரிமையாளரைப் பார்த்துப் பேசி அனுமதி வாங்குவார்கள். எங்கள் தெருவில் யாரையும் கேட்காமல் இரவோடு இரவாக வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள். அப்பா மட்டும் எங்கள் தெருவிலும் ஒவ்வொரு வாசலாக நின்று, “அக்கா, செவுத்துல எழுதலாங்களா?” என்று கேட்ட பிறகுதான் தூரிகையை எடுப்பார். தெரிந்தவர்கள்தானே, எதற்கு இந்தச் சம்பிரதாயம் என்று அப்போது எனக்கு அலுப்பாக இருக்கும். இன்று ஒரு பெண்ணின் படத்தை விளம்பரத்தில் போடுவதற்கு முன், ஒப்புதல் தாளை அவரிடம் உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விதான் என் காதில் ஒலிக்கிறது.

2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. அப்பாவின் தொழில் சில ஆண்டுகளுக்குள் படுத்துவிட்டது. வீட்டைத் தாங்கியது அம்மாவின் குழு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, முதன்முதலில் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கிய அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். இது எங்கள் மண்ணின் பெருமைகளில் ஒன்று. இதை நாங்களே அதிகம் பேசுவதில்லை. அம்மாவின் குழுவில் எடுத்த கடனில்தான் என் முதல் கணினி வந்தது. அதனால் என் நிறுவனத்தின் முதல் முதலீட்டாளர்கள் யார் என்று கேட்டால், எங்கள் தெருவின் பெண்கள் என்று சொல்வது மிகையில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் செய்த தீங்கையும் இங்கே எழுத வேண்டும். 2014இல், வீட்டுமனை விற்கும் ஒருவருக்காக ஒரு துண்டறிக்கை எழுதினேன். “அரசு அங்கீகாரம் பெற்ற மனைகள், 30 அடி தார்ச்சாலை, பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்” என்பது என் வாசகம். அவர் சொன்னார், நான் எழுதினேன். எந்தக் காகிதத்தையும் கேட்கவில்லை. அவர் அரசு அங்கீகாரம் என்று சொன்னது ஊராட்சித் தலைவரின் முத்திரையை மட்டும். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் அந்த மனைப்பிரிவுக்கு இல்லை. அம்மாவின் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா, கழுத்தில் இருந்ததை அடகு வைத்து அங்கே ஒரு மனை வாங்கினார். 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோதுதான் அவருக்கும் எனக்கும் உண்மை தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவர் என்னைத் திட்டவில்லை. “உன் கையால எழுதுனதுன்னுதான் கண்ணு நம்பி வாங்குனேன்” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு, காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வாசகமும் எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போனதில்லை. மனை விளம்பரம் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணை அந்த இணையதளத்தில் நாங்களே சரிபார்த்த பிறகுதான் வடிவமைப்பையே தொடங்குகிறோம்.

திருமணப் பத்திரிகைக்கும் பதாகைக்கும் மணமக்களின் வயதுச் சான்றைக் கேட்பதும் எங்கள் வழக்கம். தம்பிதான் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறான். கேட்கும் சங்கடமும் அவனுடையது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடத்தி வைப்பவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் பழங்கதை ஆகிவிடவில்லை என்பது இங்கே பள்ளி ஆசிரியராக இருக்கும் எவருக்கும் தெரியும். சான்று கேட்டதும் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒருமுறை குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தம்பியே அழைத்துச் சொன்னான். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இதற்கு மேல் அவளைப் பற்றி எழுதுவது முறையல்ல.

சாதிப் பட்டங்களும் இன்னொரு சாதியைச் சீண்டும் வரிகளும் உள்ள பதாகைகளை நாங்கள் அச்சிடுவதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளும் சாதி வன்முறையில் எரிந்ததைக் கண்ட மாவட்டம் இது. எரிந்த வீட்டு வாசலில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் கரிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பதாகையின் நான்கு சொற்கள் அப்படி ஓர் இரவுக்கு ஒரு குச்சி விறகாவது ஆகும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அந்த விறகை அடுக்கும் கூலி எனக்கு வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. ஆனாலும் ஜவுளிக்கடை விளம்பரம் என்றால், இந்தப் பக்கத்து வெயிலைப் பார்த்திராத முகங்களைத்தான் இன்னமும் கேட்கிறார்கள். நாங்கள் உள்ளூர்ப் பெண்களைப் படம் எடுக்கிறோம், வெளியூர் மாடலுக்குக் கொடுக்கும் அதே நாள் சம்பளத்தை அவர்களுக்கும் கொடுக்கிறோம், நிறத்தைக் கணினியில் வெளுப்பதில்லை. ஆடியில் அப்படி எடுத்த படத்தை ஒரு கடைக்காரர் அரைமனதாகத்தான் ஏற்றுக்கொண்டார். தீபாவளிக்கு அவராகவே அதே பெண்களைக் கேட்டு வந்தார்.

இவ்வளவிலும் எனக்கு மிக நெருக்கமானது புளிப் பொட்டலத்தின் கதை. மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் தெருப் பெண்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, ஓடு நீக்கி, நார் உரித்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சுளையையும் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். நாள் முழுக்கத் தட்டினால் விரல் நுனிகள் பழுப்பேறி, நகக்கண் வெடித்துவிடும். இரவில் சோற்றில் கைவைத்தால் எரியும். கிலோவுக்கு இவ்வளவு என்று வியாபாரி கூலி கொடுப்பார்; புளி அவர் பெயரில் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகும். மூன்று ஆண்டுகளுக்கு முன் குழு தானே புளி வாங்கி, தட்டி, தன் பெயரிலேயே விற்க முடிவெடுத்தபோது, பெயரும் லேபிளும் விற்பனை வழியும் எங்கள் பொறுப்பாயிற்று. வடிவமைப்புக்குக் கட்டணம் வாங்கவில்லை; விற்பனையில் ஒரு சிறு பங்கு மட்டும்.

கிருஷ்ணகிரியில் சில கடைகள் வைத்திருக்கும் ஒருவர் மாதிரிப் பொட்டலத்தைப் பார்த்தார், முகர்ந்தார், சுவைத்தார், தரம் பிரமாதம் என்றார். பிறகு பொட்டலத்தைத் திருப்பி முகவரியைப் படித்தார். “எல்லாம் சரி. இந்தக் காலனிங்கிற வரியை மட்டும் எடுத்துடுங்க. சாப்பிடுற பொருள் பாருங்க, சனங்க யோசிப்பாங்க” என்றார். குரலில் கடுமை எதுவும் இல்லை. வழக்கமான ஒரு திருத்தத்தைப் போலவே சொன்னார். தயாரிப்பவரின் முழு முகவரி பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கை நடுங்கியது. அது நான் பிறந்த தெருவின் முகவரி.

முடிவை நான் எடுக்கவில்லை. குழுக் கூட்டத்தில் வைத்தேன். அஞ்சலக முகவரி மட்டும் போட்டுவிடலாம், நமக்கு வேண்டியது விற்பனைதானே என்று இருவர் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததையும் ஒருவர் நினைவூட்டினார். அந்தச் சொல் வசைச்சொல்லாக ஆக்கப்பட்டதால் அரசு அதை நீக்குவது வேறு. நம் கை பட்ட உணவு என்று தெரியக் கூடாது என்பதற்காக ஒரு கடைக்காரர் நீக்கச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. அம்மா எழுந்து, “நாளைக்கு ஆவணத்துல பேரு மாறுனா மாத்திக்கலாம். இன்னைக்கு அந்தாளு சொல்லி எதுக்கு மாத்தணும்?” என்றார். முகவரி முழுசாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கடைக்காரர் வாங்கவில்லை. மாம்பழச் சீசனில் அறிமுகமான ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாட்ஸ்அப் குழு வழியாக விற்கத் தொடங்கினோம். சென்ற ஆண்டுப் புளி ஆடிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

வருமானம் எப்படி என்று உறவினர் கேட்டதற்கும் நேரடியாகவே சொல்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறோம். அவர்களில் நால்வர் கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் பெண்கள், அதனால் கடைசிப் பேருந்துக்கு முன்பே வேலையை முடிக்கிறோம். ஒன்றாம் தேதி சம்பளம் தவறியதில்லை. சொந்தக் கட்டடம் இல்லை, கார் இல்லை. சித்திரையிலும் புரட்டாசியிலும் கை இறுகும். மறுத்த வேலைகளை எல்லாம் ஏற்றிருந்தால் இதைவிட வசதியாக இருந்திருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கணக்கைத் தெரிந்தேதான் மறுக்கிறேன்.

மனை வாங்கிய அக்காவின் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2017ஆம் ஆண்டின் வரன்முறைப்படுத்தும் திட்டத்தில் கட்டணம் கட்டியும், துண்டறிக்கையில் நான் வரைந்து காட்டிய 30 அடிச் சாலை தரையில் இல்லை. அந்த இடம் வேறொருவர் பட்டாவில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவருடன் நானும் போகிறேன். கிரயப் பத்திர நகலோடு, 2014இல் நான் எழுதிய துண்டறிக்கையின் ஒரு பிரதியையும் மனுவுடன் இணைத்திருக்கிறோம். அதை எழுதியவர் யார் என்று கேட்டால் சொல்வதற்கு நான் அங்கே இருக்க வேண்டும்.