எங்கட அடுப்படிக்குக் கணக்குப் பார்க்க வந்த ஆக்களுக்கு

நேத்து நான் முகநூல்ல போட்ட சோத்துக் கோப்பைப் படத்துக்குக் கீழ நடந்தத எல்லாரும் பார்த்திருப்பீங்க. சிவப்பரிசிச் சோறு, வாவி மீன் பாலாணம் (தேங்காய்ப் பால் விட்ட குழம்பு), முருங்கையிலைச் சுண்டல், மாங்காய்ச் சம்பல். அவ்வளவுதான் அதுல இருந்தது. அதுக்குப் போய், "600 ரூபா குடுத்தா பார்சல் வீட்டுக்கே வரும், என்னத்துக்கு இந்த அடிமை வேலை" எண்டு ஒருவர் எழுதினார். எழுதினா எழுதிட்டுப் போகட்டும். அதுக்கு இத்தனை பேர் சிரிப்புப் போட்டிருக்கிறீங்க. என்னோட ஒரே வகுப்பில இருந்த ஆக்களும் அதுக்குள்ள இருக்கிறீங்க.

வீட்டில சமைக்கிறது நட்டமில்ல. இத நான் எத்தனை தரமும் சொல்லுவன்.

காசுக் கணக்கே பார்ப்பம். தேங்காய் 200 ரூபாயத் தாண்டின நேரம் கடைச் சாப்பாட்டில ஆணம் தண்ணியாப் போனத நீங்களே வாங்கிச் சாப்பிட்டுப் போட்டு ஏசினீங்க. கடைக்காரரக் குறை சொல்லல்ல, அவங்களுக்கும் பிழைப்பு. ஆனா அதே ஒரு தேங்காய வீட்டில திருகி, சுண்டலுக்குக் கொஞ்சப் பூ எடுத்து வெச்சிட்டு, மிச்சத்த இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுப் பிழியுங்க. பிந்தின பாலில மீன அவியவிட்டு, முதல் பால கடைசியில விட்டு, அது திரைய முன்னம் இறக்கினா நாலு பேர் வயிறாரச் சாப்பிடலாம். நாலு பார்சல் எண்டா 2400 ரூபா.

தூளும் அப்பிடித்தான். மல்லி வேறயா, கொச்சிக்காய் வேறயா, வெந்தயம் வேறயா வறுக்கணும். ஒவ்வொண்டும் சூடு ஏறுற நேரம் வேற. வெந்தயம் கருகினா முழுத் தூளும் கசந்து போகும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்யிற ஒருத்தருக்குத் தான் சாப்பிடுறது என்னெண்டு தெரியும். எங்கட அப்பாக்குப் பிரஷர். உப்பக் குறைச்சுப் போடுங்க எண்டு பார்சல் கட்டுற பொடியனிட்டப் போய்ச் சொல்லேலுமா?

நேரமில்ல எண்டு சொல்லுவீங்க. என்ட படத்துக்குக் கீழ ராவு ரெண்டு மணி மட்டும் எழுத நேரம் இருந்ததே.

ஒரு தங்கச்சி மட்டும் வேற மாதிரிக் கேட்டிருந்தா, பொம்பிளைகளத் திரும்பவும் அடுப்படிக்குள்ள தள்ளுறீங்களா எண்டு. அவட கோவம் நியாயம். எங்கட வீடுகள்ல விடியச்சாமம் எழும்புறது ஆர், கடைசியாச் சாப்பிடுறது ஆர் எண்டு எனக்கும் தெரியும். ஆனா தங்கச்சி, அந்தச் சோத்த ஆக்கினது நான். மீன் வெட்டினதும் தேங்காய் திருகினதும் நான். ஆம்பிளையளக் குசினிக்குள்ள வரச்சொல்லிக் கேளுங்க, நானும் சேர்ந்து கேக்கிறன். சமையல் கேவலம் எண்டு மட்டும் சொல்லாதீங்க.

ஏன் இவ்வளவு நோகுது எண்டு சொல்லுறன். எங்கட அம்மா என்னச் சின்ன வயசில அம்மம்மாட்ட விட்டிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரையில அப்பிடிப் போன தாய்மார் எத்தனையோ பேர். ஆரோ பெத்த பிள்ளையளுக்கு ஆக்கிப் போட்டு அவ அனுப்பின காசிலதான் நாங்க படிச்சம். அம்மம்மாக்கு ஏலாத நாள்ல எங்களுக்குக் கடைப் பாணும் சம்பலும். அம்மா திரும்பி வந்த அடுத்த நாள் விடிய, பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்தா. "தள்ளி இரு மனே, இண்டைக்கு நான் ஆக்கிறன்" எண்டா. எனக்கு ஆணம் வைக்கக் காட்டித் தந்ததும் அவதான். உப்பு எவ்வளவு எண்டு கேட்டா அளவு சொல்ல மாட்டா, ருசி பார்க்கச் சொல்லுவா.

அடிமை வேலை எப்பிடி இருக்கும் எண்டு அவவுக்குத் தெரியும். பூட்டின கதவுக்குள்ள, சம்பளம் பிந்திப் பிந்தி, செஞ்சிட்டு வந்தவ. தன்ட வீட்டில தன்ட பிள்ளைக்கு ஆக்கிறத அதோட சேர்த்துப் பேச உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?

அம்மாவும் முகநூல்ல இருக்கிறா. எல்லாத்தையும் வாசிச்சிட்டா. "ஏன் மனே படத்தப் போட்டாய்" எண்டு மட்டும் கேட்டா. அதத்தான் என்னால தாங்கேலாமக் கிடக்கு.

படத்த அழிக்க மாட்டன். சிரிச்ச ஆக்கள் வாற சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, நானும் அம்மாவும் ஆக்கிறம். சாப்பிட்டுப் போட்டு, அவட முகத்தப் பார்த்து அதே வார்த்தையச் சொல்லுங்க.