வாயுப் பிடிப்பு

நாளை காலை எனக்கு அறுவை சிகிச்சை. வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையே செருகிய ஒரு குழாயோடும், அதன் மறுமுனை அமிழ்ந்திருக்கும் தண்ணீர்க் குப்பியோடும், சிங்கப்பூர் அரசு மருத்துவமனையின் பி2 என்ற மானியப் பிரிவுக் கட்டிலில் ஆறு நாள்களாகப் படுத்திருக்கிறேன். நலம் விசாரிப்பவர்களுக்குத் தனித்தனியே பதில் எழுத முடியாததால் இந்தப் பதிவு. கூடவே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அது மருத்துவமனையைப் பற்றியது அன்று, நம் வீடுகளைப் பற்றியது.

திங்கட்கிழமை இரவு துணி மடித்துக்கொண்டிருந்தபோது வலப்பக்க நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. வலி தோள்பட்டைக்கு ஏறியது. மூச்சை ஆழமாக இழுத்தால் பாதியிலேயே நின்றது. "வாயுப் பிடிப்புதான்" என்றார் அம்மா. கோடாலித் தைலம் வந்தது, ஓமத் தண்ணீர் வந்தது, இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு இருந்தது குற்றமாக நிரூபிக்கப்பட்டது. அம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும் அதை அப்படியே நம்பி, மறுநாள் வேலைக்குப் போனேன். புதன்கிழமை காலை சாலை மேம்பாலத்தின் படிகளில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். காய்கறிப் பையோடு என்னைக் கடந்துபோன ஒரு பாட்டி திரும்பிப் பார்த்த பார்வைதான் என்னைப் பலதுறை மருந்தகம் என்னும் அரசு மருத்துவ நிலையத்துக்கு அனுப்பியது.

அங்கிருந்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் வைத்தார், மீண்டும் இடப்பக்கம் வைத்தார். வலப்பக்கத்தில் மூச்சொலி ஏறக்குறைய இல்லை. அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தன. எக்ஸ்ரே படத்தில் என் வலது நுரையீரல் மூடிய கைபோல் சுருங்கிக் கிடந்தது. நெஞ்சுக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் இதற்கு நியூமோதொராக்ஸ் என்று பெயர். ஸ்டெதஸ்கோப்பை 1816இல் உருவாக்கிய லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர், 1819இல் வெளியிட்ட நூலிலேயே இந்நோயின் அடையாளங்களை எழுதிவைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளாக ஒரு குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டாலே சந்தேகம் எழுந்துவிடும் ஒரு நோயை, நாங்கள் இரண்டு நாள் தைலம் தேய்த்துக் கொண்டாடியிருக்கிறோம்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. அவற்றுக்கிடையே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. நுரையீரலின் உச்சியில் இருக்கும் சிறு கொப்புளம் ஒன்று வெடித்தால், உள்ளிழுத்த காற்று அந்த இடைவெளிக்குள் கசிந்துவிடும். நுரையீரல் தன் இயல்பான சுருங்கும் தன்மையால் சுருங்கிவிடும். உயரமாகவும் ஒல்லியாகவும் உள்ள இளைஞர்களுக்கு, வேறெந்த நோயும் இல்லாமலே இது வருவதுண்டு. நான் ஆறடி, 58 கிலோ. ஆக, நெஞ்சில் காற்று பிடித்திருக்கிறது என்று அம்மா சொன்னது சொல்லளவில் உண்மைதான். ஏப்பமாக வெளியேறும் காற்று அன்று அது, அவ்வளவுதான்.

இதற்குமுன் இப்படி வலித்ததுண்டா என்று அறுவை மருத்துவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கம், இதே வலி, நான்கைந்து நாள்கள் இருந்து தானாக மறைந்தது. சிறிய அளவில் கசிந்த காற்றை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்றும், அதுவும் இதுவாகவே இருந்திருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றும் அவர் சொன்னார். அந்த முறை ஓமத் தண்ணீருக்குக் கிடைத்த நற்பெயர்தான் இந்த முறை என்னை இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை திருச்சிக்கு விமானம், சித்தப்பா மகளின் திருமணம். "அங்கே போய் வெந்நீர்ல குளிச்சா சரியாயிடும்" என்று பெட்டியைக் கட்டியாகிவிட்டது. விமானம் உயரே செல்லும்போது உள்ளே அழுத்தம் குறைவதால், நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியக்கூடும் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன். நான்கு மணி நேரப் பயணத்தில் அது என்னவாகியிருக்கும் என்று யோசிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

பெரும்பாலும் ஓட்டை சில நாள்களில் தானாக அடைபட்டுவிடுமாம். என்னுடையது அடைபடவில்லை. தினமும் காலையில் மருத்துவர்கள் வந்து "இருமுங்கள்" என்பார்கள்; யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, எல்லார் கண்ணும் குப்பியின்மேல். நான் இருமுவேன், காற்று இன்னும் கசிவதைக் காட்டும் குமிழிகள் தண்ணீரில் மேலெழும், அவர்கள் ஏதோ குறித்துக்கொள்வார்கள். கழிவறைக்குப் போகும்போது அந்தக் குப்பியைத் தூக்குச்சட்டிபோல் முழங்காலளவில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நெஞ்சுக்கு மேலே உயர்த்தக் கூடாது. நாளை சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுக் கொப்புளமுள்ள பகுதியை வெட்டித் தைத்து, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி அந்தச் சுவரின் உட்புறச் சவ்வையும் உரசிவிடுவார்கள். முதல்முறை வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மீண்டும் வரும் என்றும், இந்தச் சிகிச்சைக்குப் பின் நூற்றில் சிலருக்கே வரும் என்றும் கேட்டதும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

பார்க்க வருகிற உறவினர்களின் முதல் கேள்வி, "சிகரெட் பிடிக்கிறியா?" மருத்துவர் கேட்பது நியாயம், புகைப்பவர்களுக்கு இந்த அபாயம் பல மடங்கு அதிகம். (மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 பிப்ரவரி முதல் குற்றமாக உள்ள இந்த ஊரில், அதைப் பற்றிய கேள்விக்கு எத்தனை பேர் மருத்துவரிடம் உண்மை சொல்வார்கள் என்பது வேறு கவலை.) ஆனால் ஆரஞ்சுப் பழத்தோடு வரும் அத்தைக்கு அந்தப் பதில் எதற்கு? வலி வந்தபோது உருளைக்கிழங்கைக் கைகாட்டியவர்கள், நோய்க்குப் பெயர் தெரிந்ததும் என்னைக் கைகாட்டுகிறார்கள். நடுவில், மருத்துவரிடம் போனாயா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இன்று மாலை அம்மா வந்தார். நள்ளிரவுக்குமேல் தண்ணீரும் கூடாது என்று தாதி எழுதி மாட்டிய அட்டையை இரண்டுமுறை படித்துவிட்டு, எதுவும் பேசாமல் கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து என் நெற்றியில் மட்டும் தடவினார். வாசனை பரவியதும் பக்கத்துக் கட்டில் பெரியவர் திரைச்சீலையை விலக்கினார். "எனக்கும் ஒரு சொட்டு குடும்மா, மத்தியானத்திலிருந்து நெஞ்சில வாயு அடைச்ச மாதிரி இருக்கு."

நான் தாதியை அழைக்கும் பொத்தானை அழுத்தினேன்.