30 நாள் கணக்கு பற்றி ஒரு திருத்தம்

கிரிமினல் வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வந்து 30 நாள் தாண்டினால் அப்பீலே போட முடியாதென்று ஒரு அண்ணா சொல்லியிருக்காருங்க. அது சரியில்லைங்க.

அவிநாசி மாஜிஸ்திரேட் தண்டனை தந்தால் திருப்பூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் கோர்ட்டே தந்திருந்தால் ஹைகோர்ட்டுக்கு 60 நாள். மரண தண்டனைக்கு மட்டும் 30. (கோவை, ஈரோடு வழக்கெல்லாம் சென்னைக்குத்தான், மதுரைக் கிளைக்கு இல்லை.)

தீர்ப்பு நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துத்தான் எண்ணணும். சான்று நகலில் மனுப் போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் முத்திரையில் இருக்கும், அந்தப் பக்கத்தைத் தொலைச்சுடாதீங்க. அதற்கு மேலும் தாமதமானால், காரணம் சொல்லி அப்பீலோடு தாமத மன்னிப்பு மனு போடலாம். காரணம் போதுமானதா என்பதைக் கோர்ட்தான் முடிவு செய்யும். 'வேலை இருந்தது' என்று ஒரு வரி மட்டும் எழுதினால் தள்ளுபடி ஆகலாம். மருத்துவச் சீட்டு மாதிரி ஆதாரம் வேணும்.

உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் அனுப்பலாம். அவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

சரிபார்க்க: மத்திய அரசின் சட்டத் தளமான இந்தியா கோட்டில் 1963 காலவரையறைச் சட்டம், பிரிவு 5, 12, அட்டவணையில் 115-வது இனம். இல்லைன்னா இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குக் கூப்பிட்டுக் கேளுங்க.