மெண்டோசினோ தேவாலயமும் பட்டி டப்பாவும்

பழைய மரத் தேவாலயத்தைக் கெடுப்பது கடற்காற்றைவிட, ‘புதுசு மாதிரி ஆக்கிடலாம்’ என்று வருகிறவர்கள்தான். இது என் கருத்து. திட்டுகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கலிஃபோர்னியாவின் வடகரையில் இருக்கும் மெண்டோசினோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் ஃப்ரோலிக் என்ற கப்பல் அந்தப் பக்கத்துப் பாறையில் மோதியது. (முன்பு பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல், நம் பக்கத்துப் பாவமும் இதில் உண்டு.) சரக்கை மீட்கப் போனவர்கள் ரெட்வுட் என்ற உயரமான ஊசியிலை மரக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 1852-இல் அங்கே மர அறுவை ஆலை வந்துவிட்டது. 1859-இல் உருவான பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் பிரிவு) சபை, உள்ளூர் ரெட்வுட்டிலேயே தேவாலயம் கட்டி 1868 ஜூலை 5-இல் அர்ப்பணித்தது. இன்று ஆலை இல்லை. தேவாலயத்தில் ஆராதனை நடக்கிறது. மாநில வரலாற்றுச் சின்னம், எண் 714.

ரெட்வுட் நம் ஊர்ச் செம்மரம் அல்ல, வேறு இனம். அதன் நடுவிலுள்ள வைரப் பகுதி எளிதில் உளுக்காது, ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை. முதிர்ந்த காட்டு மரத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் மறுவளர்ச்சி மரம்: வளையம் அகலம், வெள்ளை அதிகம். ஆகவே பழைய பலகை ஒன்றைத் தூக்கி எறிந்தால் அதற்கு ஈடு கடையில் கிடைக்காது. நுனி மட்டும் உளுத்திருந்தால் நுனியை மட்டும் வெட்டி, சாய்வு வெட்டில் வைரப் பலகை ஒட்டுப் போடுங்கள். இடிக்கும் கட்டடங்களிலிருந்தும், ஆற்றடியில் மூழ்கிக் கிடந்த பழைய கட்டைகளிலிருந்தும் அந்தத் தரத்தில் மரம் கிடைக்கிறது, விலை கூடுதல்தான்.

இப்போது பட்டி டப்பாவுக்கு, அதாவது இடுக்கை அடைக்கும் பசைக்கு, வருகிறேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வெளிச்சுவர்ப் பலகைகளின் கீழ் விளிம்பை சீலன்ட் வைத்து அடைப்பார்கள். மழை எப்படியும் எங்காவது உள்ளே புகும். வெளியே வர இருந்த வழி அந்த இடுக்குதான். அதை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், முதலில் பெயிண்ட் கொப்பளிக்கும், பிறகு சுவரைத் தாங்கும் அடிச்சட்டம் உளுக்கும். மேலே வினைல் (பிளாஸ்டிக்) பலகை போர்த்தினால் அந்த உளுப்பு கண்ணுக்கே தெரியாது.

பிரஷர் வாஷரும் வேண்டாம். ரெட்வுட் மென்மையான மரம், நார் எழும்பிவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: நனைத்துச் சுரண்டுங்கள், தீயால் சுடாதீர்கள். ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே பிரைமர். பலகை வெட்டு முனைகளுக்கும் சேர்த்து. ஆணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும். சாதா இரும்பு ரெட்வுட்டில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருப்பாக வழியும், உப்புக்காற்றில் ஆணியும் நிற்காது.

சுவரடியில் மண் மட்டம், பலகைக்கு 15 செ.மீ. கீழேயாவது இருக்க வேண்டும். பூச்செடிக்காக மண் அணைப்பது அழகுதான், அதன் பின்னால் அடிச்சட்டம் கரைந்துகொண்டிருக்கும்.

கோபுரத்துக்கு நன்கொடை தர ஆள் வரும், கூரையோர மழைநீர்த் தூம்புக்கு யாரும் தரமாட்டார்கள். சபைக் கணக்கில் அதற்குத் தனித் தொகை ஒதுக்குங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஏணி போட்டுக் குப்பையை அள்ளுங்கள்.