டேட்டாபேஸுக்குள்ளேயே எஸ்கேப் செய்யும் மகானுபாவர்களுக்கு

இன்றைக்கும் ஒரு பில். வாடிக்கையாளர் பெயரில் இருக்கிற & குறிக்குப் பின்னால் ஏஎம்பி, அரைப்புள்ளி, மறுபடி ஏஎம்பி, அரைப்புள்ளி என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகிறது.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று யாரோ பெயரைச் சேமிக்கும்போதே எஸ்கேப் செய்துவிட்டார், அதாவது &, < போன்ற குறிகளை உலாவி கட்டளையாக எடுத்துக்கொள்ளாதபடி மாற்றெழுத்தாக ஆக்கிவிட்டார்; & குறிக்குப் பின்னால் ஏஎம்பியும் அரைப்புள்ளியும் ஒட்டிக்கொள்வது இதனால்தான். காட்டும்போது, பக்கத்தை வரையும் டெம்ப்ளேட் தன் கடமைக்கு இன்னொரு முறை செய்கிறது. சரி, தொலையட்டும் என்றால், போன் நம்பரை மாற்ற ஒருவர் எடிட் பக்கத்தைத் திறக்கிறார். பெயர்ப் பெட்டியில் ஏற்கெனவே ஒரு ஏஎம்பி உட்கார்ந்திருக்கிறது. பெயரை அவர் தொடவே இல்லை, சேமி என்று அழுத்துகிறார், அவ்வளவுதான், உள்ளே போகும் வழியில் ஒன்று கூடிவிட்டது. அடுத்த மாதம் முகவரி மாறினால் இன்னொன்று. மின்னஞ்சலைத் திருத்தினால் இன்னொன்று. கடைசியில் ஐம்பது எழுத்துதான் என்று டேட்டாபேஸில் கட்டிவைத்த பெயர்க் கட்டத்தில் ஏஎம்பிகள் எல்லாம் சொகுசாக இருக்க, மனிதரின் பெயர் வெட்டுப்பட்டு வெளியே நிற்கிறது! எஸ்எம்எஸ்ஸிலும் இதே கோலம். எஸ்எம்எஸ்ஸுக்கு எதற்கய்யா எச்டிஎம்எல் எஸ்கேப்?

இதற்கு ஒரு புத்திசாலி கண்ட தீர்வு, டெம்ப்ளேட்டில் எஸ்கேப்பையே அணைப்பது. பில் பளிச்சென்று ஆகிவிட்டது, பாராட்டு வேறு. எக்செல் வழியாக நேராக உள்ளே வந்த பெயர்களை யாருமே எஸ்கேப் செய்யவில்லையே, அதில் ஒரு ஸ்கிரிப்ட் டேக், அதாவது பக்கத்தைத் திறந்ததும் உலாவி ஓட்டிவிடும் நிரல், இருந்தால்? 2005-லேயே மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில், இப்படி நுழைந்து தானே பரவும் சாமி புழு என்ற ஸ்கிரிப்ட் ஒரே நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் தொற்றிக் காட்டியது போதாதாம்.

எழுதியதை எழுதியபடி வையுங்கள், வெளியே போகும்போது போகிற இடம் பார்த்து மாற்றுங்கள். எச்டிஎம்எல்லுக்கு ஒரு விதி, ஜாவாஸ்கிரிப்டுக்குள் வேறு, யூஆர்எல்லுக்குள் வேறு. ஒரே ஃபங்ஷன் எல்லாவற்றையும் காக்கும் என்பது நம்பிக்கை, நிரலாக்கம் இல்லை. (பிஎச்பி மொழியில் எஸ்கேப் செய்யும் ஃபங்ஷனான எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ், கேட்காமலே ஒற்றை மேற்கோளையும் மாற்றத் தொடங்கியதே 2021-ல் வந்த 8.1-ல்தான்.)

இதையெல்லாம் உதாரண டேக்கோடு விலாவாரியாக எழுதி, பிழையைச் சொல்லும் டிக்கெட் போட்டேன். டிக்கெட் மென்பொருள் அந்த டேக்கை அப்படியே விழுங்கிவிட்டது. "உதாரணம் காலியாக இருக்கிறது, முழு விவரம் தரவும்" என்று பதில் வந்திருக்கிறது. சிரிப்புதான் வருகிறது. டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள்.